ஒன்பதாயிரம் லிட்டர்

கீழ்ப்பாக்கத்தில் நிரப்பினால்
கொருக்குப்பேட்டை, எருக்கஞ்சேரி, கொடுங்கையூர்.
நாளைக்கு ஆறு நடை.
நடைக்கு ஒன்பதாயிரம் லிட்டர்.
வழியெல்லாம் வால்வு ஒழுகும்,
யாரும் கவலைப்பட்டதில்லை,
நானும்.

மழை விட்ட மூன்றாம் நாள்
எங்கள் தெருக் கைப்பம்பில் தண்ணீரோடு
ஒரு வாடையும் வந்தது.
குளோரின்தான் என்றேன்.
பத்து வருடமாக எல்லாத் தெருவிலும்
அதைத்தான் சொல்கிறேன்.

அன்றிரவே இளவெயினிக்குப் போக ஆரம்பித்தது.
பதினாலு மாதம், எட்டரைக் கிலோ.
முதல் இரண்டு தடவை, பல் முளைக்கிறது என்று விட்டுவிட்டேன்.
நாலாவதில் துணி தீர்ந்தது.
ஆறாவதில் என் லுங்கியைக் கிழித்தேன்.
வெறும் தண்ணீராகப் போனது.
அஞ்சுகத்துக்கு அம்பத்தூரில் நைட் ஷிஃப்ட்,
போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு வெல்டர் தணிகாசலம்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான்:
"தண்ணி காட்டாதப்பா,
உள்ள போறதுதான் வெளிய வருது."
நியாயமாகத்தான் பட்டது.
ஒழுகுகிற டேங்கை யார் நிரப்புவார்கள்?
வால்வை மூடு:
எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவு.

இரண்டு மணி நேரம் மூடி வைத்தேன்.
அதை அஞ்சுகத்திடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு அழுதாள்.
சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை.
பிறகு சத்தமும் சிறுத்தது.
உச்சிக்குழியைத் தடவினேன்,
கட்டைவிரல் பதியும் அளவுக்குப் பள்ளம்.
உதட்டுக்குள் விரலை வைத்தேன். ஒட்டியது.
எட்டரைக் கிலோவில் தண்ணீர் எவ்வளவு இருக்கும்?
ஆறு லிட்டர்?
பேசின் பிரிட்ஜ் மேடு ஏறுவதற்குள்
என் லாரி அதைவிட அதிகம் சிந்தும்.

தணிகாசலம்தான் பைக்கை எடுத்தான்.
பெரியார் நகர் ஆஸ்பத்திரி.
டியூட்டி டாக்டர் சின்னப் பெண்,
கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தாள்.
இவள் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள்.
மடிப்பு அப்படியே நின்றது,
யோசித்து,
மெதுவாகப் படிந்தது.

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனா?"
தெரியவில்லை.
மற்றதை எல்லாம் எண்ணினேன், இதை எண்ணவில்லை.
"தண்ணி குடுத்தீங்களா?"
தணிகாசலம் சுவரிலிருந்த போலியோ போஸ்டரை
எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"போறது தானா நிக்கும்ங்க.
போனதைத் திருப்பி வைக்கிறதுதான் நம்ம வேலை.
அது குறைஞ்சாதான் உயிருக்கு ஆபத்து.
தாய்ப்பாலை நிறுத்தாதீங்க.
இந்த உப்புப் பாக்கெட் முழுசா ஒண்ணு,
காய்ச்சி ஆறின தண்ணி முழுசா ஒரு லிட்டர்.
பாதிக்குப் பாதின்னு கை அளவுல போடாதீங்க.
வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து, திரும்ப.
இதையும் குடிக்காம துவண்டு போனாதான்
ஊசி வழியா ஏத்தணும்."

இளவெயினி ஸ்பூனைக் கவ்வினாள்.
பாதி மோவாயில் வழிந்தது.
இன்னொன்று. இன்னொன்று.
மூன்று மணிக்கு எல்லாவற்றையும் கக்கினாள்.
சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் பார்த்தேன்,
அவ்வளவு நீளமான பத்து நிமிடத்தை
எந்த சிக்னலிலும் நின்றதில்லை.
மறுபடி ஸ்பூன்.

ஸ்பூனுக்கு ஐந்து மில்லி.
தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்:
என் ஒரு நடை, பதினெட்டு லட்சம் ஸ்பூன்.
இத்தனை வருடம் ஓட்டியும்
தண்ணீரை நான் அளந்ததே இல்லை.

விடியற்காலை, வெளியே பால் வண்டிச் சத்தம்.
என் காக்கிச் சட்டையில், வயிற்றுக்கு மேலே,
சூடாக ஏதோ பரவியது.
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.
அசைந்தால் நின்றுவிடுமோ என்று.

ஆறரைக்கு அஞ்சுகம் ஓடி வந்தாள்,
அடையாள அட்டை கழுத்தில் தொங்க, செருப்பில் ஒன்று அறுந்து.
குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"என்னய்யா இது, சட்டையெல்லாம் ஈரம்?"

லாரி திரும்பும்போது
முனை வீட்டுப் பையன்கள் கத்துகிற அதே வார்த்தைதான்
எனக்கும் வாயில் வந்தது:
"தண்ணி வந்துடுச்சு!"

பெஞ்சில் தணிகாசலம்
வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்,
மீதிப் பாக்கெட்டுகளை
மார்போடு அணைத்தபடி.